ஏரிக்கரையும் கல்வெட்டும்: பெங்களூரைச் சைக்கிளிலும் நடையிலும் அறியப் புறப்படுவோருக்கு

வேலைக்கோ படிப்புக்கோ பெங்களூர் வந்து குடியேறும் தமிழர் பலருக்கு இந்த ஊர், வீடு, அலுவலகம், இரண்டுக்கும் நடுவே ஒரு மேம்பாலம், பண்டிகைக்கு ஓசூர் வழியாகச் சொந்த ஊருக்குப் போகும் பேருந்து என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. வரலாறு என்று கேட்டால் விதானசௌதாவையும் திப்புவின் கோடை அரண்மனையையும் காட்டுவார்கள். இரண்டும் பார்க்கத் தக்கவையே என்றாலும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் ஏரி கட்டி, கோயில் எழுப்பி, கன்னடத்திலும் தமிழிலும் கல்லில் எழுதி வைத்துச் சென்ற ஒரு ஊரை அறிய அவை போதா. அந்தப் பழைய ஊர் அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னமும் இருக்கிறது. காரில் போனால் அது கண்ணில் படாது. நிலத்தின் ஏற்ற இறக்கம் காருக்குள் தெரிவதில்லை, கோயில் தெருவில் வண்டி நிறுத்த இடமும் கிடைப்பதில்லை. முழுக்க நடந்தே பார்ப்பது என்றால் ஒரு காலைப்பொழுதில் ஒரு பேட்டைக்கு மேல் பார்க்க முடியாது. ஆகவே, இடத்துக்கு இடம் செல்லச் சைக்கிள், சென்று சேர்ந்த பின் நடை என்ற முறையே இவ்வூருக்குப் பொருத்தமானது.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பெங்களூரில் பெரிய ஆறு எதுவும் ஓடுவதில்லை. கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு நீண்ட மேட்டின் முதுகில் ஊர் அமர்ந்திருப்பதால், இங்கே பெய்யும் மழை இரண்டு திசைகளில் பிரிந்து போகிறது. மேற்குச் சரிவின் நீர் விருஷபாவதியில் சேர்ந்து, அர்க்காவதி வழியாகக் காவிரியை அடைகிறது. கிழக்குச் சரிவின் நீர் ஹெப்பாள் பள்ளத்தாக்கு, கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு ஆகிய இரண்டின் வழியே தென்பெண்ணைக்குப் போய், ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் என்று நடந்து கடலூரில் கடலைச் சேர்கிறது. எந்தப் பக்கம் விழுந்தாலும் பெங்களூர் மழை கடைசியில் தமிழ்நாட்டுக்கே வருகிறது என்பதை, தண்ணீர்ச் சண்டை மூளும் மாதங்களில் இரு தரப்பாரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆறில்லாத ஊர் என்பதால் பள்ளத்தாக்கின் குறுக்கே கரை போட்டு ஏரிகளைச் சங்கிலியாகக் கட்டினார்கள். மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழியாக வழியும் நீர், இங்கே ராஜகாலுவே என்று சொல்லப்படும் பெரிய கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும். கரைக்குக் கீழே நன்செய், அதன் ஓரத்தில் ஊர், ஊரின் மேட்டில் கோயில் என்ற இந்த அமைப்பு மனத்தில் பதிந்துவிட்டால், வரைபடம் இல்லாமலே பாதி வரலாற்றை ஊகிக்கலாம். சைக்கிளில் போகும்போது, ஒரு பக்கம் நீரோ புல்வெளியோ ஏறத்தாழச் சாலை மட்டத்திலும், மறுபக்கம் வீடுகள் திடீரென்று ஓர் ஆள் உயரத்துக்குத் தாழ்ந்தும் இருந்தால், நீங்கள் ஒரு பழைய ஏரிக்கரையின் மேல் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று கொள்ளலாம். ஏரி போய்விட்ட இடங்களிலும் பள்ளம் அப்படியே இருக்கும். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரியின் படுகை; கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின் படுகை. பெருமழைக்கு எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று செய்தியில் பார்த்துக் குறித்து வைத்தால், காணாமற்போன ஏரிகளின் பட்டியல் தானாகவே கையில் சேரும்.

சைக்கிள், சாமான், நேரம்

தொடக்கத்திலேயே விலை உயர்ந்த சைக்கிள் வாங்க வேண்டாம். இந்த வேலைக்கு வேகம் தேவையில்லை. 35 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமான டயர் கொண்ட, கியர் உள்ள ஹைப்ரிட் சைக்கிள் போதும். ஒல்லி டயர் வண்டி சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில் மாட்டிக்கொள்ளும். வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்குவது நல்லது. தலைக்கவசம், பின்னால் ஒளிரும் சிவப்பு விளக்கு, பூட்டு, ஒரு உபரி ட்யூப், கைப்பம்பு, டயர் கழற்றும் நெம்பு, ஒரு லிட்டர் தண்ணீர் ஆகியவை எப்போதும் உடன் இருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் கடைக்காரர்கள் ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன் கிடைப்பது அரிது என்பதால், ட்யூப் மாற்றுவதை வீட்டில் ஒருமுறையாவது பழகிக்கொள்ளுங்கள்.

இவற்றோடு, சைக்கிள்காரர்கள் வழக்கமாக எடுத்துச் செல்லாத சில பொருள்களும் தேவை. ஒரு சிறு டார்ச், கோடு போடாத குறிப்பேடு, பென்சில், அப்புறம் ஒரு வேட்டி அல்லது அகலத் துண்டு. அரைக்கால் சட்டையோடு கோயிலுக்குள் நுழையும்போது அர்ச்சகர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அவர் முகம் சொல்லும்; சட்டைக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டால் பேச்சு இலகுவாகத் தொடங்கும்.

ஞாயிறு காலை ஆறு, ஆறரைக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் திரும்பிவிடுவது உத்தமம். பத்துக்கு மேல் போக்குவரத்து பெருகும், நண்பகலை ஒட்டிக் கோயில்கள் நடை சாத்துவார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சைக்கிளுக்கு ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் இடியோடு மழை வரும், காலை தெளிவாகவே இருக்கும். ஏரிகளை நிறைந்த கோலத்தில் பார்க்க விரும்பினால் மழைக்குப் பின் வரும் அக்டோபர், நவம்பரே சரியான மாதங்கள்.

வெளிவட்டச் சாலை, ஓசூர் சாலை, சில்க் போர்டு சந்திப்பு ஆகியவற்றைக் கூடியவரை தவிர்த்து உள்தெருக்களில் செல்லுங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடப்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை. தெருநாய் துரத்தினால் வேகமாக மிதிப்பதைவிட இறங்கி, நாய்க்கும் நமக்கும் இடையே சைக்கிளை வைத்துக்கொண்டு நடப்பதே பலன் தரும். ஏரி நடைபாதைகள் பலவற்றில் சைக்கிளை விடமாட்டார்கள். வாயிற்காவலரிடம் சொல்லி வாசலில் பூட்டிவிட்டுப் போகலாம்.

முதல் காலை: லால்பாக் பாறை

முதல் பயணத்தைத் தொலைவாக வைத்துக்கொள்ள வேண்டாம். லால்பாக் வரை சைக்கிளில் போய், உள்ளே நடந்து, பாறையின் மேல் ஏறி அமர்ந்தால் போதும். 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் என்பதும் 1889-இல் எழுந்த கண்ணாடி மாளிகையும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் தோட்டத்தைவிட எவ்வளவோ மூத்தது அந்தப் பாறை: தீபகற்பத்தின் அடித்தளமான நைஸ் வகைப் பாறை, சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையானது என்று நிலவியலார் கணித்தது, தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. குனிந்து பார்த்தால் வெளிர் நிறமும் கருநிறமும் மாறி மாறி ஓடும் பட்டைகளைக் காணலாம். ஊரெங்கும் கோயில் சுவராகவும் நடுகல்லாகவும் நீங்கள் பார்க்கப்போகும் கல்லை இங்கேயே ஒருமுறை கையால் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும்.

பாறை உச்சியில் உள்ள சிறு மண்டபம், கெம்பேகௌடர் மரபினர் எழுப்பியதாகச் சொல்லப்படும் நான்கு காவல் கோபுரங்களுள் ஒன்று. மற்ற மூன்றும் கெம்பாம்புதி ஏரிக்கரையிலும், மேக்ரி சர்க்கிள் அருகிலும், அல்சூர் ஏரியை ஒட்டியும் உள்ளன. நான்கையும் ஒரே காலையில் சைக்கிளில் சுற்றி வரச் சுமார் 25 கிலோமீட்டர் ஆகும். ஊர் இவ்வளவில் நின்றுவிடும் என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள் என்பதைக் கால் வலியால் உணர இது நல்ல வழி. அல்சூர்க் கோபுரம் ராணுவ வளாகத்துக்குள் இருப்பதால் அங்கே நுழையவோ படம் எடுக்கவோ முயல வேண்டாம்.

இரண்டாம் காலை: அல்சூரிலிருந்து தொம்லூர் வரை

தமிழ் வாசகருக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் வழி இதுதான். நான்கைந்து கிலோமீட்டர் தொலைவுதான், ஆனால் ஒரு காலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் தொடங்கி, ஏரிக்கரைக்கு வாருங்கள். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தபோது, படையோடு சென்னை மாகாணத்திலிருந்து தமிழ் பேசும் வணிகரும் கொத்தரும் சமையற்காரரும் பெருமளவில் வந்து குடியேறினார்கள். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்டுக்கு ரயில் வந்ததும் அந்த வரவு இன்னும் பெருகியது. ஏரிக்கரையில் 2009-இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும், அருகே இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் அந்த மக்களின் தொடர்ச்சி. கப்பன் பூங்காவில் செக்கச்செவேலென்று நிற்கும், 1868-இல் கட்டி முடிந்த, இன்று உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

ஆனால் பெங்களூரில் தமிழின் கதை கண்டோன்மென்டோடு தொடங்கவில்லை, அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறிவிட்டது. அதைக் காண இந்திராநகர் வழியாகத் தொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்குச் செல்ல வேண்டும். சொக்கநாதர் என்ற பெயரைக் கேட்டு மதுரையை நினைத்துக்கொண்டு உள்ளே போகிறவர்களுக்கு, கருவறையில் பெருமாள் நிற்பது சிறு வியப்பைத் தரும். கல்வெட்டுகளில் அவர் சொக்கப்பெருமாள். ஊரின் பெயர் தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம் என்பது மறுபெயர். ஒரு கல்வெட்டு, ஹொய்சள மன்னன் வீரராமநாதன் இவ்வூர் வருவாயிலிருந்து கோயிலுக்குப் பொன் அளித்ததைச் சொல்கிறது. இன்னொன்று, அழகியார் என்பவர் வாசலின் இரு நிலைக்கால்களைக் கொடையாக அளித்ததைப் பதிவு செய்கிறது. மன்னர் தந்த பொன் போன இடம் தெரியவில்லை. அழகியார் எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தம் பெயரோடு கல்லில் இருக்கிறார்.

இங்கே ஒரு கல்வெட்டு குறிப்பிடும் விண்ணமங்கலத்து ஏரியையும் கவனியுங்கள். அல்சூரிலிருந்து நீங்கள் சைக்கிளில் கடந்து வந்த இந்திராநகரின் ஒரு பகுதி இன்றும் பின்னமங்களா என்றே வழங்குகிறது. ஒரு கொடையாளர் தம் நிலத்தைக் கோயிலுக்கு எழுதி வைத்த இடத்தையும், அந்தக் கோயிலையும் ஒரே மூச்சில் மிதித்துக் கடந்திருக்கிறீர்கள் என்று அறியும்போது, இவ்வளவு நேரம் வெறும் போக்குவரத்து நெரிசலாகத் தெரிந்த தெரு வேறாகத் தெரியும்.

கல்வெட்டை எப்படிப் படிப்பது

நேர் வெளிச்சத்தில் பழைய எழுத்து தெரியாது. டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் கல்லின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி செய்தால், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் எழும்பி வரும். வெளிச்சுவர் என்றால் காலையின் சாய்வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும். முதலில் தொடக்கத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் கிரந்த எழுத்தில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று இருக்கும். அதன்பின் க, ட, ப, ம, ய போன்ற இன்றைய வடிவத்தோடு ஒத்துப்போகும் எழுத்துகளை அடையாளம் கண்டு, அவற்றிலிருந்து பக்கத்து எழுத்துகளுக்கு நகருங்கள். புள்ளி வைக்கும் வழக்கம் அக்காலக் கல்வெட்டுகளில் அரிது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இராது. துணைக்காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டாலே, பள்ளிக்கூடத் தமிழ் மட்டும் படித்தவர்கூட ஊர்ப்பெயர் ஒன்றிரண்டைத் தாமாகப் படித்துவிட முடியும்.

வெறுங்கையோடு போவதைவிட வாசகத்தை அச்செடுத்துக்கொண்டு போவது மேல். பி. லூயிஸ் ரைஸ் பதிப்பித்த எபிகிராஃபியா கர்நாடிகா வரிசையில் 1905-இல் வெளிவந்த ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டத்துக்கு உரியது. இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கும் அத்தொகுதியில், தாலுகா வாரியாக எண்ணிட்டு, வாசகத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கொடுத்திருக்கிறார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, போகும் ஊரின் பக்கங்களை மட்டும் படித்தால் போதும்.

சாக்பீஸ், மாவு, எண்ணெய், தண்ணீர் எதையும் கல்லில் தடவக் கூடாது. எழுத்து தெரியவில்லை என்று நாணயத்தால் சுரண்டுவோரும் இருக்கிறார்கள். அதைவிடப் படிக்காமல் திரும்புவதே அந்தக் கல்லுக்குச் செய்யும் மரியாதை. பல கோயில்களில் சுவருக்கு வண்ணம் பூசி எழுத்தை ஏற்கெனவே மூடியிருப்பார்கள். அதற்காக அர்ச்சகரோடு வாதிடுவதில் பயன் இல்லை, பெரும்பாலும் அது அவர் முடிவாக இருக்காது.

மூன்றாம் காலை: மடிவாளா, அகரா, பெல்லந்தூர்

மடிவாளா சோமேஸ்வரர் கோயில் போக்குவரத்து இரைச்சலுக்கு மிக அருகே இருந்தாலும், உள்ளே நுழைந்ததும் ஓசை அடங்கிவிடும். இதன் சுவரில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகளுள் பழையது 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேப்பூர், அதாவது இன்றைய பேகூர்க்காரர் ஒருவர், வெங்காலூர்ப் பெரிய ஏரியின் கீழ் உள்ள நிலத்தைக் கொடையளித்த செய்தி அது. ஏரியின் கீழ் என்ற அந்தச் சொற்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். கரைக்குக் கீழே, மதகு வழி நீர் பாயும் நன்செய் என்று பொருள். வெறும் நிலம் அன்று, விளைச்சல் உறுதியான நிலம். தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வாசகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நீரின் போக்கிலேயே சைக்கிளை விடுங்கள். மடிவாளா ஏரியின் மிகைநீர் அகரா ஏரிக்கும், அங்கிருந்து பெல்லந்தூருக்கும், பிறகு வர்த்தூருக்கும், கடைசியில் தென்பெண்ணைக்கும் போகிறது. சரிவு மெல்லியது, ஆனால் மிதிக்கும் காலுக்குத் தெரியும். அகராவில் கரைமேல் நடக்க நல்ல பாதை இருக்கிறது. பெல்லந்தூரில் 2017, 2018 ஆண்டுகளில் ஏரியே தீப்பிடித்ததும், வர்த்தூரில் நுரை பொங்கிச் சாலைக்கு வந்ததும் நாடெங்கும் செய்தியாயின. மேலே உள்ள ஊரின் கழிவெல்லாம் அதே பழைய சங்கிலியில் இறங்குவதுதான் காரணம். சோழர் கால ஏற்பாடு இன்னமும் செவ்வனே வேலை செய்கிறது, நாம்தான் அதில் நீருக்குப் பதில் சாக்கடையை விடுகிறோம். பெல்லந்தூர் ஓரத்தில் தனியாகவும் இருட்டிலும் போக வேண்டாம். இருவர் மூவராக, விடிந்த பின் போவதே சரி.

இதே திசையில் இன்னும் கிழக்கே போக விரும்புவோர், ஒயிட்ஃபீல்டை அடுத்த காடுகோடிப் பகுதியை ஒரு தனிக் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். பட்டந்தூர் ஏரியையும் மதகையும் அமைத்த செய்தியைச் சொல்லும், முதலாம் இராஜேந்திர சோழன் காலத்து 1043-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அப்பகுதிக்கு உரியது.

நான்காம் காலை: பேகூர்

வேப்பூர்க்காரரின் ஊரையும் பார்த்துவிடுவதே முறை. பேகூர் நாகேஸ்வரர் கோயில் வளாகத்தில், சுமார் பொ.ஆ. (கி.பி.) 890-ஐச் சேர்ந்த ஒரு நடுகல் இருக்கிறது. நாகத்தரன் என்ற கங்கர் காலத் தலைவனைச் சார்ந்த புட்டணசெட்டி, பெங்களூர்ப் போரில் இறந்தான் என்று பழங்கன்னடத்தில் சொல்லும் அந்தக் கல்லே, பெங்களூர் என்ற பெயரை முதன்முதலாக நமக்குத் தருகிறது. 1537-இல் கெம்பேகௌடர் மண்கோட்டை எழுப்பியதிலிருந்து ஊரின் கதையைத் தொடங்குவோருக்கு இந்தக் கல் ஆறு நூற்றாண்டுகளைக் கூட்டிக் கொடுக்கிறது. பேகூரிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட, யானையும் குதிரையும் வாள்வீரரும் நெருக்கியடித்து நிற்கும் போர்க்காட்சி செதுக்கிய மற்றொரு நடுகல், கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. கோயில், பழைய மண்கோட்டையின் எச்சம், பேகூர் ஏரி மூன்றையும் நடந்தே பார்க்கலாம்.

மக்களிடம் கேட்பதும் குறித்து வைப்பதும்

கல்லும் கரையும் சொல்லாததை ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். முதல் வாக்கியத்தைக் கன்னடத்தில் பேசுங்கள்: "நமஸ்கார, ஈ கெரே ஹெஸரு ஏனு?" என்று ஏரியின் பெயரைக் கேட்கும் அளவு போதும். அல்சூரிலும் தொம்லூரிலும் மறுமொழி பெரும்பாலும் தமிழிலேயே வந்துவிடும், ஆனாலும் தொடக்கம் அவர்கள் மொழியில் இருப்பது நல்லது. இங்கே எந்த மொழி மூத்தது, யார் முதலில் வந்தார்கள் என்ற பேச்சை யாராவது எடுத்தால் அதில் இறங்காதீர்கள். கல்வெட்டுகள் இரண்டு மொழிகளிலும் இருக்கின்றன, ஒரே கோயிலில் அருகருகே கூட இருக்கின்றன. ஏரி எதுவரை இருந்தது, மதகு எங்கே, அம்மன் திருவிழாவில் தேர் எந்தத் தெருவரை போகும் என்ற கேள்விகள் பயனுள்ளவை. தேர் போகும் எல்லை பெரும்பாலும் பழைய ஊரின் எல்லையாக இருக்கும்.

ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று படங்கள் எடுங்கள்: தொலைவிலிருந்து சூழலோடு ஒன்று, முழுக் கல் ஒன்று, சாய்வொளியில் எழுத்து மட்டும் ஒன்று. கைபேசியில் இடக்குறிப்பைச் சேமித்து, தேதியையும் கல் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். அன்று மாலையே எபிகிராஃபியா தொகுதியோடு ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளாவிட்டால், அடுத்த வாரம் எந்தப் படம் எந்த ஊர் என்பதே குழம்பிவிடும்.

தொகுதியில் இடம்பெறாத கல் ஒன்று கண்ணில் பட வாய்ப்பு உண்டு. ஹெப்பாளில் சுமார் பொ.ஆ. 750-ஐச் சேர்ந்த கிட்டய்யன் நடுகல் 2018-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அப்படி ஒரு கல்லைக் கண்டால் நகர்த்தவோ, கழுவவோ, மஞ்சள் பூசிப் பொட்டு வைக்க இடம் கொடுக்கவோ வேண்டாம். நிலத்துக்கு உரியவரிடமும் அருகில் இருப்பவர்களிடமும் அது என்னவென்று எடுத்துச் சொல்லிவிட்டு, படங்களையும் இடக்குறிப்பையும் கர்நாடகத் தொல்லியல் துறைக்கோ, பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் பதிவு செய்துவரும் நிருபதுங்கா சாலை மிதிக் சொசைட்டிக்கோ அனுப்புங்கள். கட்டட வேலை நடக்கும் மனையாக இருந்தால் அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும், மறுநாள் காலை பொக்லைன் வந்துவிடும்.